‘பள்ளி’யைக் கலைத்தால் ‘பிள்ள’ வரலாமா? எழுத்துக் கலைப்பு நிரல்கள்: ஒரு மதிப்பீடு

கலைந்த எழுத்துகளை முறைப்படுத்திச் சொல்லைக் கண்டுபிடிக்கச் சொல்லும் பயிற்சி நமக்குப் புதிதல்ல. நாம் படித்த காலத்திலும் இருந்தது. இப்போது நாம் தயாரிக்கும் பயிற்சித்தாள்களிலும் இருக்கிறது. அப்போது ஆசிரியர் கையால் கலைத்து எழுதினார். இப்போது ஒரு வாக்கியத்தை ஒட்டிப் பொத்தானைத் தட்டினால் போதும். சொற்களின் வரிசை அப்படியே இருக்க, ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் இருக்கும் எழுத்துகளை மட்டும் கலைத்துத் தரும் நிரல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கணினிப் பாடம் எடுக்கும் உயர்நிலை மாணவர் ஒருவரிடம் சொன்னால், பைத்தானில் பத்து வரியில் எழுதிக் கொடுத்துவிடுவார். தமிழ்மொழி மாதம் நெருங்கும்போது, ‘சொல்விளையாட்டுக்கு ஏதாவது இருக்கா?’ என்று தேடும் நமக்கு இது வசதிதான்.

வசதி என்பதால் நாம் பெரும்பாலும் சோதிக்காமலேயே பயன்படுத்துகிறோம். இந்த நிரல்களில் பல ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தமிழில் ‘எழுத்து’ என்றால் என்ன என்பது அவற்றுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைக் கலைக்கும்போது என்ன நடக்கிறது, அதைச் சரிசெய்தால் மட்டும் போதுமா, இந்தப் பயிற்சி உண்மையில் எதைக் கற்பிக்கிறது என்ற மூன்றையும் இங்கே பார்ப்போம்.

நிரலுக்கு எழுத்து எது?

‘பள்ளி’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? தொடக்கநிலை இரண்டு மாணவரும் மூன்று என்பார்: ப, ள், ளி. இதையே எக்செல்லில் நீளம் கணக்கிடும் வாய்பாட்டிடம் கேட்டுப் பாருங்கள், ஐந்து என்று சொல்லும். ஸ்கிராட்சில் கேட்டாலும் ஐந்துதான், பைத்தானிலும் ஐந்துதான். கோப்பாகச் சேமித்தால், இன்று பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் அது 15 பைட் இடம் பிடிக்கும்.

மூன்று, ஐந்து, பதினைந்து ஆகிய மூன்றுமே அவற்றின் அளவில் சரியானவை. யூனிகோடில் தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தரப்படவில்லை. உயிரெழுத்துகளுக்கும், அகரம் ஏறிய மெய்களுக்கும், புள்ளிக்கும், கால், கொம்பு, விசிறி போன்ற குறிகளுக்கும் மட்டுமே தனித்தனிக் குறியீடு உண்டு. ஆகவே கணினியின் நினைவில் ‘பள்ளி’ என்பது ப, ள, புள்ளி, ள, இகரக் குறி என்ற ஐந்து துண்டுகள். நாம் ‘ள்’ என்று ஓர் எழுத்தாகப் பார்ப்பது அதற்கு இரண்டு. ‘ளி’யும் அப்படித்தான்.

ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே பெரும்பாலும் ஒரு குறியீடு ஓர் எழுத்து. அதனால் ‘சொல்லைத் துண்டு துண்டாகப் பிரி, துண்டுகளைக் கலை, மீண்டும் ஒட்டு’ என்ற மூன்றே கட்டளைகளில் வேலை முடிந்துவிடும். அந்த மூன்று கட்டளைகளையும் அப்படியே தமிழுக்குக் கொண்டுவரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

தெரியும் பிழை, தெரியாத பிழை

முதல் வகைப் பிழை கண்ணில் படும். இகரக் குறியோ புள்ளியோ சொல்லின் தொடக்கத்தில் போய் உட்கார்ந்தால், அதற்குத் தாங்க ஓர் எழுத்து இல்லாமல், புள்ளிகளாலான ஒரு வட்டத்தின்மேல் அந்தக் குறி தொங்கும். மாணவர் கேட்பார்: ‘டீச்சர், இந்த வட்டம் என்ன எழுத்து?’ பயிற்சித்தாளை அச்சிடுவதற்கு முன் கவனித்தால் நாம் நீக்கிவிடலாம். அதனால் இது அவ்வளவு பெரிய ஆபத்து இல்லை.

இரண்டாவது வகைப் பிழை கண்ணில் படாது. ‘பள்ளி’யின் ஐந்து துண்டுகளையும் கலைத்தால் கிடைக்கக்கூடிய ஒரு வரிசை: ப, இகரக் குறி, ள, புள்ளி, ள. ஒட்டினால் ‘பிள்ள’ என்று வரும். வட்டமும் இல்லை, தொங்கும் குறியும் இல்லை. பார்க்க ஒழுங்கான தமிழ். வீட்டில் ‘நல்ல பிள்ள’ என்று கேட்டு வளர்ந்த மாணவருக்கு அது ஒரு சொல்லாகவே தெரியும். ஆனால் ‘பள்ளி’யில் ‘பி’ என்ற எழுத்தே கிடையாது! இல்லாத எழுத்தைக் கொடுத்துவிட்டு, இருக்கிற சொல்லைக் கண்டுபிடிக்கச் சொல்கிறோம். மாணவர் எவ்வளவு முயன்றாலும் பி, ள், ள என்ற எழுத்துகளை வைத்துப் ‘பள்ளி’யைக் கட்ட முடியாது.

இதில் பாதிக்கப்படுவது யார்? நன்றாகப் படிக்கும் மாணவர் ‘இது பள்ளி’ என்று ஊகித்து எழுதிவிடுவார். எழுத்துக்கூட்டிப் படிப்பவர், ஆசிரியர் கொடுத்த எழுத்துகளை நம்பி உட்கார்ந்திருப்பவர்தான் தோற்றுப்போவார். நம் வகுப்புகளில் பலர் வீட்டில் ஆங்கிலம் பேசுபவர்கள். உயிர்மெய் என்பது மெய்யும் உயிரும் பிரிக்கமுடியாதபடி கலந்த ஓர் எழுத்து என்ற எண்ணமே அவர்களிடம் இப்போதுதான் உறுதிப்பட்டுவருகிறது. குறியைக் கழற்றி வேறொரு மெய்யில் மாட்டலாம் என்று காட்டும் பயிற்சி, நாம் தொடக்கநிலையிலிருந்து கட்டியதை இடிக்கிறது.

கொம்பும் காலும்

இன்னும் சில இடங்களில் நிரல் தடுக்கி விழும். அவற்றையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

‘கொடி’யில் வரும் ‘கொ’வைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒரே துண்டாக இருக்கலாம். அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் இரண்டு துண்டுகளாக இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு. மாணவர் சரியாகத் தட்டச்சு செய்த ‘கொடி’யை நிரல் ‘தவறு’ என்று சிவப்பில் காட்டினால், காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும். ஒப்பிடுவதற்கு முன் இரண்டு வடிவங்களையும் ஒரே வடிவமாக்கும் வசதி பல நிரல்மொழிகளில் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தாதது நிரல் எழுதியவரின் குறை, அதற்கு மாணவர் மதிப்பெண் இழக்கக்கூடாது.

‘கௌரவம்’ இன்னொரு கண்ணி. ஔகாரக் குறியின் வலப்பக்கம் பார்க்க ளகரம்போல இருப்பதால், பலர் ‘கெ’ தட்டி, அடுத்து ‘ள’ தட்டிவிடுகிறார்கள். திரையில் வித்தியாசம் எளிதில் தெரியாது. கலைத்த பிறகு தெரியும்: நான்கு எழுத்துச் சொல் ஐந்தாகி, ‘கெ’ ஒரு பக்கமும் ‘ள’ ஒரு பக்கமும் கிடக்கும். இங்கே நிரலைக் குறை சொல்ல முடியாது. அது தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் நம் தட்டச்சுப் பிழை வெளியே வந்தது. ஒருவிதத்தில் இது நல்ல சோதனை!

‘க்ஷ’, ‘ஸ்ரீ’ போன்றவை மூன்றாவது வகை. சவுத் பிரிட்ஜ் சாலைக் கோயிலின் பெயரில் வரும் ‘ஸ்ரீ’யை நாம் ஒரே எழுத்தாகப் பார்க்கிறோம். கணினியில் அது நான்கு துண்டு. எழுத்து எழுத்தாகப் பிரிக்கத் தெரிந்த நிரல்களும் அதை ‘ஸ்’, ‘ரீ’ என்று இரண்டாக்கிவிடும். 247 எழுத்துகளுக்கு வெளியே உள்ள இவற்றை எப்படி எண்ணுவது என்று வகுப்பில் வாதம் நடத்தலாம், ஆனால் பயிற்சித்தாளில் வேண்டாம். இத்தகைய சொற்களைத் தவிர்த்துவிடுவதே எளிது.

சரியான நிரல் எப்படி இருக்க வேண்டும்?

திருத்தம் கடினமானதல்ல. நிரல் எழுதும் மாணவரிடம் இப்படிச் சொன்னால் போதும். முதலில் வாக்கியத்தை இடைவெளி உள்ள இடங்களில் வெட்டு. சொல்லோடு ஒட்டியிருக்கும் முற்றுப்புள்ளி, காற்புள்ளி, கேள்விக்குறி ஆகியவற்றைத் தனியே எடுத்துவை. பிறகு சொல்லை இடமிருந்து வலமாகப் படி. வருவது புள்ளியாகவோ உயிர்க்குறியாகவோ இருந்தால் முந்தைய எழுத்தோடு சேர்த்துக்கொள்; வேறு எதுவானாலும் புதிய எழுத்தைத் தொடங்கு. இப்படிக் கிடைக்கும் பட்டியலைக் கலை. கடைசியில் நிறுத்தக்குறியைப் பழைய இடத்தில் வை.

நாம் தாளில் எழுதும்போது ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றில் இடப்பக்கக் குறியை முதலில் எழுதுகிறோம். யூனிகோடில் எப்போதும் மெய் முதலில், குறி பின்னால். அதனால்தான் ‘முந்தைய எழுத்தோடு சேர்’ என்ற ஒரே விதி எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் கொம்பு, பார்வைக்குத் தெரிவதுபோல மெய்க்கு முன்பே சேமிக்கப்பட்டது. அந்தக் காலத்துக் கோப்புகளை எடுத்துப் பயன்படுத்துபவர்கள் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் நாமே எழுதத் தேவையில்லை என்பதும் உண்டு. பைத்தானுக்கான ‘ஓப்பன்-தமிழ்’ நிரல்தொகுப்பில், சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் வசதி தயாராகவே இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டிலும் இப்போது இதற்கான பிரிப்பான் உண்டு. ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியில் ‘பள்ளி’யின் நீளத்தைக் கேட்டால் மூன்று என்றே சொல்லும். ‘தமிழுக்குக் கணினி ஒத்துவராது’ என்று மாணவர்கள் சொன்னால், நாம் நம்பிக்கையோடு மறுக்கலாம். தமிழ் இணையத்துக்கான முதல் அனைத்துலக மாநாடு 1997இல் கூடிய ஊர் இது. அதற்கு முன்னின்று உழைத்த நா. கோவிந்தசாமி, தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தியவர். இந்தப் பணி நம் தொழிலின் மரபில்தான் வருகிறது.

கலைப்பதிலும் இரண்டு சிறு விஷயங்கள். தற்செயலாகக் கலைக்கும்போது பழைய சொல்லே திரும்ப வரலாம். மூன்றும் வெவ்வேறு எழுத்துகளாக இருக்கும் சொல்லில் ஆறில் ஒரு முறை அப்படி நடக்கும். ‘பாப்பா’ போல ஓர் எழுத்து இருமுறை வந்தால் மூன்றில் ஒரு முறை. ஆகவே ‘பழைய சொல்லே வந்தால் மறுபடி கலை’ என்று ஒரு வரி தேவை. மற்றொன்று, கலைத்த எழுத்துகளை ஒட்டி ஒரு சொல்போலக் காட்டாமல், தனித்தனிக் கட்டங்களில் காட்டுவது நல்லது. ஒட்டிக் காட்டினால் இல்லாத ஒரு சொல்லை மாணவர் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பார். அந்த வடிவம் மனத்தில் பதிவதால் நமக்கு எந்தப் பயனும் இல்லை.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் ‘இந்த வாக்கியத்தில் எழுத்துகளைக் கலைத்துக் கொடு’ என்று கேட்கும் வழக்கமும் வந்துவிட்டது. அவை சொல்லை எழுத்தாகப் பார்ப்பதில்லை. தமக்கே உரிய துண்டுகளாகப் பார்க்கின்றன. அதனால் ஓர் எழுத்து காணாமல்போவதும், இன்னொன்று கூடுதலாக நுழைவதும் நடக்கலாம். கேட்டு வாங்கினாலும் எண்ணிப் பார்த்துவிட்டே கொடுங்கள்.

‘கேம்பிரிட்ஜ் ஆய்வு’ என்ற கதை

இந்தப் பயிற்சிக்கு ஆதரவாக அடிக்கடி சொல்லப்படும் ஒன்றை இங்கே பார்த்துவிட வேண்டும். 2003இல் ஒரு மின்னஞ்சல் உலகம் முழுக்கச் சுற்றியது. ஒரு சொல்லின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் இடம் மாறாமல் இருந்தால் போதும், நடுவில் எப்படிக் கலைத்தாலும் படிக்க முடியும். இது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு என்றது அது. அந்தச் செய்தியே கலைந்த ஆங்கிலத்தில் இருந்தது, படித்தவர்களும் படித்து முடித்தார்கள். இன்றும் வாட்ஸ்அப்பில் வருகிறது. பயிலரங்குகளிலும் காட்டப்படுகிறது.

அப்படியோர் ஆய்வு கேம்பிரிட்ஜில் நடக்கவில்லை. அங்கேயே மூளையும் மொழியும் பற்றி ஆராய்ந்துவந்த மேட் டேவிஸ் அதைத் தெளிவுபடுத்தி விரிவாக எழுதினார். எழுத்துகளின் இடம் பற்றி உண்மையில் ஆய்வு செய்தவர் கிரஹாம் ராவ்லின்சன். 1976இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக அதைச் செய்தார். பின்னர் 2006இல் கீத் ரேய்னரும் அவருடைய குழுவினரும் கண்ணசைவுகளை அளந்து பார்த்தபோது, கலைந்த சொற்களைப் படிக்க முடிந்தாலும் வேகம் குறைவதைக் கண்டார்கள். நடுவில் கலைத்தால் பாதிப்பு குறைவு, சொல்லின் தொடக்கத்தில் கலைத்தால் மிக அதிகம்.

மொழிக்கு மொழி இது மாறும் என்பது நமக்கு இன்னும் முக்கியம். ஹீப்ரு மொழியில் வேர்ச்சொல்லின் மெய்களைக் கலைத்தால் வாசிப்பு வெகுவாகச் சிதைகிறது என்று வேலனும் ஃபிராஸ்டும் 2007இல் காட்டினார்கள். ஆங்கிலத்தில் கண்டதைத் தமிழுக்கு அப்படியே சொல்ல முடியாது. நீங்களே சோதிக்கலாம். ஒரு வாக்கியத்தை எடுத்து, முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் விட்டுவிட்டு, நடுவை மட்டும் எழுத்து முறையாகவே கலைத்திருக்கிறேன்:

மாவகணர்ள் வறைகுபயிப்ல் அயாதிகமைப் பதாடிகத்ர்ள்.

‘மாணவர்கள் வகுப்பறையில் அமைதியாகப் படித்தார்கள்’ என்பதுதான் இது. எத்தனை நொடி ஆனது? ஆங்கிலச் செய்தியில் பல சொற்கள் இரண்டு மூன்று எழுத்துச் சிறுசொற்கள். அவை கலையாமல் அப்படியே நின்று வாசிப்பவரைத் தாங்கிப் பிடித்தன. தமிழில் அந்தச் சிறுசொற்கள் செய்யும் வேலையை வேற்றுமை உருபும் கால இடைநிலையும் விகுதியும் செய்கின்றன. அவையெல்லாம் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. நடுவைக் கலைத்தால் சொல்லோடு சேர்ந்து இலக்கணமும் கலைகிறது. தமிழில் ஓர் எழுத்து என்பது பெரும்பாலும் ஓர் அசையளவு ஒலி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை நகர்த்துவதைவிட இங்கே ஓர் எழுத்தை நகர்த்துவது பெரிய நகர்வு.

ஆகவே ‘எப்படிக் கலைத்தாலும் மூளை படித்துவிடும்’ என்பதை நம்பி இந்தப் பயிற்சியை வாசிப்புப் பயிற்சியாகக் கொடுப்பதில் பொருளில்லை. அப்படியானால் இதை எதற்குத்தான் கொடுப்பது?

விடை இலக்கணத்தில் இருக்கிறது

என் பார்வையில் இந்தப் பயிற்சிக்கு ஒரு நல்ல பயன் உண்டு. தமிழில் கலைந்த சொல்லை ஊகத்தால் மட்டுமல்லாமல் விதியாலும் கட்டலாம். தொல்காப்பியம் நூன்மரபிலும் மொழிமரபிலும் சொல்லிவைத்திருக்கும் எளிய செய்திகளே போதும். எந்த எழுத்து சொல்லின் முதலில் வராது, எது கடைசியில் வராது, எந்த மெய்யின் பின் எது வரும் என்பவைதான் அவை. நாம் இவற்றைப் பட்டியலாகச் சொல்லிக் கொடுத்தால் மாணவர் கொட்டாவி விடுவார். புதிருக்குச் சாவியாகக் கொடுத்தால் தானே எடுத்துப் பயன்படுத்துவார்.

‘வகுப்பறை’யை எடுத்துக்கொள்வோம். வ, கு, ப், ப, றை என்று ஐந்து எழுத்து. வெறுமனே அடுக்கினால் 120 வரிசைகள் வரும். இப்போது விதிகளைப் போட்டுப் பாருங்க. க், ச், த், ப் ஆகிய நான்கு மெய்களும் தம் வரிசை எழுத்தை மட்டுமே அடுத்து ஏற்கும். ஆகவே ‘ப்’புக்குப் பின் ‘ப’தான் வர வேண்டும், இரண்டும் பூட்டிக்கொண்டன. மெய் சொல்லின் முதலில் வராது. ‘ப்ப’ முதலில் நிற்காது. றகர வரிசையும் முதலில் வராது. ‘றை’யும் முதலில் நிற்காது. மிச்சம் வ, கு இரண்டில் ஒன்றுதான் தொடக்கம். எண்ணிப் பார்த்தால் 120 வரிசைகள் 12 ஆகிவிட்டன. பத்தில் ஒன்று. அதற்குப் பிறகுதான் சொல்வளம் தேவை.

‘விளக்கு’ என்றால் இன்னும் அழகு. 24 வரிசைகள். ‘க்கு’ பூட்டிக்கொள்ளும்; ளகரம் முதலில் வராது; ‘வி’ மட்டுமே தொடங்க முடியும். மிஞ்சுவது இரண்டே: விளக்கு, விக்குள. இரண்டாவது சொல்லே இல்லை என்று மாணவரே சிரித்துக்கொண்டு அடித்துவிடுவார்.

‘சக்தி’, ‘சப்தம்’ போன்ற வடசொற்களில் இந்தப் பூட்டு வேலை செய்யாது. ‘க்’குக்குப் பின் ‘தி’ வந்துவிடுகிறது. கெட்டிக்கார மாணவர் எவராவது இதைக் கேட்டால், அந்தப் பாடம் அங்கேயே இன்னொரு படி ஏறிவிட்டது என்று மகிழலாம். ஏன் இந்தச் சொல் மட்டும் விதியை மீறுகிறது, ‘சத்தம்’ என்று நாம் சொல்லும்போது என்ன நடந்தது என்று பேசலாம்.

வாக்கியம் தரும் கூடுதல் சாவி

தனிச்சொல்லைவிட வாக்கியமாகக் கொடுப்பது மேல் என்று நான் சொல்வதற்குக் காரணம் ஒற்று. ‘அவள் பள்ளிக்குச் சென்றாள்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். நடுச்சொல்லைக் கலைத்தால் ஆறு கட்டங்கள்: ச், ளி, க், ப, ள், கு. வரிசைகள் 720.

‘க்’குக்கு ‘கு’ பூட்டிக்கொண்டது. ஆகவே ‘கு’ முதலில் வர முடியாது. ளி முதலில் வராது, மெய்கள் வரா. தொடக்கம் ‘ப’ ஒன்றுதான். அடுத்து ‘ச்’. அதற்குப் பின்னால் சகர வரிசை எழுத்து வேண்டும். கட்டங்களில் அப்படி ஒன்றுமே இல்லை! வல்லின மெய் தனிச்சொல்லின் கடைசியில் வராது என்றும் படித்திருக்கிறோம். அப்படியென்றால் இந்த ‘ச்’ எங்கே போவது?

மாணவர் மாட்டிக்கொள்ளும் இந்த இடம்தான் பாடம். ‘ச்’ இந்தச் சொல்லின் கடைசியில் நின்று, அடுத்த சொல்லைக் கைநீட்டிப் பிடிக்கிறது. அடுத்த சொல் சகர வரிசையில் தொடங்க வேண்டும். பக்கத்துக் கட்டங்களில் செ, ன், றா, ள் இருக்கின்றன. ‘செ’ முதல் எழுத்து என்று அங்கேயும் ஒரு புதிர் அவிழ்கிறது. இனி ‘ள்’ளுக்குப் பின் ‘க்கு’வோ ‘ச்’சோ வர முடியாது என்பதால் ‘ள்ளி’ பூட்டிக்கொள்ளும். மிஞ்சுவது இரண்டு: பள்ளிக்குச், பக்குள்ளிச். நான்காம் வேற்றுமை உருபு எங்கே வரும் என்று தெரிந்தவருக்கு ஒன்றே ஒன்று.

வல்லினம் மிகும் இடங்களை விதிகளாக எழுதிப் போட்டு, விடுபட்ட ஒற்றை நிரப்பச் சொல்லும் பயிற்சியை நாம் ஆண்டுக்கணக்காகச் செய்கிறோம். மாணவருக்கு அந்த ஒற்று ஓர் அலங்காரமாகவே தெரிகிறது. விட்டாலும் பொருள் புரிகிறதே என்பார்கள். இந்தப் பயிற்சியில் ஒற்று இல்லையென்றால் புதிர் அவிழாது. அதன் வேலை என்னவென்று விளக்கமில்லாமலே தெரிந்துவிடுகிறது. ஜி1, ஜி2, ஜி3 என்று கலந்த நிலையில் உள்ள மாணவர்களுக்கும் இது ஒத்துவரும்: ஒருவருக்கு ஒரு சொல்லை மட்டும் கலைத்துக் கொடுக்கலாம், இன்னொருவருக்கு வாக்கியம் முழுவதையும்.

எங்கே வேண்டாம்?

மூன்று இடங்களில் இதைத் தவிர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒன்று, மதிப்பெண் தரும் தேர்வு. ஒரே எழுத்துகளுக்கு இரண்டு விடை இருக்கலாம். க, த, வு என்று கொடுத்தால் ‘கதவு’ம் சரி, ‘தகவு’ம் சரி. நிரல் ஒன்றைத்தான் விடையாக வைத்திருக்கும். வகுப்பில் இது சுவையான விவாதம், தேர்வில் இது அநியாயம்.

இரண்டு, எழுத்துகளையே இன்னும் உறுதியாக அடையாளம் காணாத மாணவர். ல, ள, ழ குழப்பத்தோடு போராடுபவரிடம் கலைந்த சொல்லைக் கொடுப்பது சுமைமேல் சுமை. அவருக்குச் சரியான வடிவத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுவதே உதவி.

மூன்று, ஈரெழுத்துச் சொற்களும் மிக நீண்ட சொற்களும். ‘கிளி’யைக் கலைத்தால் ‘ளிகி’ என்ற ஒரே வழிதான், அதில் சிந்திக்க ஒன்றுமில்லை. எட்டு ஒன்பது எழுத்துச் சொல்லில் வரிசைகள் ஆயிரக்கணக்கில் பெருகி, மாணவர் சலித்துப் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். நான்கு முதல் ஆறு எழுத்து, அதில் குறைந்தது ஓர் இரட்டித்த மெய்யாவது இருக்கும் சொல் என்பது நல்ல அளவு. உணவங்காடி, பேரங்காடி, விளையாட்டு என்று நம் ஊர்ப் பேச்சில் இருக்கும் சொற்களிலேயே இதற்கு நிறையக் கிடைக்கும். ‘உணவங்காடி’யில் இரட்டித்த மெய் இல்லையென்றாலும், ‘ங்’குக்குப் பின் ‘கா’ என்ற பூட்டு இருக்கிறது.

பயன்படுத்தும் முன் ஐந்து நிமிடச் சோதனை

புதிய நிரல் எதுவாக இருந்தாலும், மாணவரிடம் கொண்டுபோகும் முன் கீழே உள்ள ஐந்தையும் தட்டிப் பாருங்கள்.

1. ‘பள்ளி’: பலமுறை கலையுங்கள். ப, ள், ளி தவிர வேறு எழுத்து வந்தால் அந்த நிரல் வேண்டாம்.

2. ‘கொடி’: ‘கொ’ உடையாமல் வருகிறதா? சரியான விடையைத் தட்டினால் ஏற்கிறதா?

3. ‘கௌரவம்’: நான்கு கட்டமா, ஐந்தா? ஐந்து என்றால் முதலில் உங்கள் தட்டச்சைச் சரிபாருங்கள்.

4. ‘பாப்பா’: பத்து முறை கலையுங்கள். ஒருமுறையாவது ‘பாப்பா’ என்றே வந்தால், ‘மறுபடி கலை’ என்ற வரி அதில் இல்லை.

5. ‘அவள் பள்ளிக்குச் சென்றாள்.’: சொற்களின் வரிசை மாறாமல் இருக்கிறதா? முற்றுப்புள்ளி தன் இடத்தில் நிற்கிறதா? ‘ச்’ அதே சொல்லுக்குள் இருக்கிறதா?

ஐந்திலும் தேறும் நிரல் கிடைத்தால் சக ஆசிரியர்களோடு பகிருங்கள். கிடைக்கவில்லையென்றால் கணினிப் பாடம் படிக்கும் உங்கள் மாணவர் இருவரைக் கூப்பிட்டு, மேலே சொன்ன விதிகளைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். ‘பள்ளி’யில் எத்தனை எழுத்து என்று கணினிக்குச் சொல்லிக் கொடுக்க, அவர்கள் முதலில் தமிழ் எழுத்து எது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொண்டாக வேண்டும். நிரல் முடிவதற்குள் உயிர்மெய்ப் பாடம் ஒருமுறை நடந்து முடிந்திருக்கும்.